கறை போகாத கையில் ஒரு துண்டு அப்பம்

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பேசுவார்கள். பங்குனி, சித்திரை வெயில். ஓட்டுக் கூரையோ கான்கிரீட்டோ, உள்ளே வேர்த்து ஊற்றும். கைக்குழந்தைகள் அழும், வயதானவர்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்வார்கள். மூன்று மணிக்கு வெளியே வந்தால் கஞ்சி, பயறு, மாங்காய் ஊறுகாய். மார்த்தாண்டம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே." இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போவார்கள்: அவரே மன்னித்தார், நாம் மன்னிக்கக் கூடாதா? கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். மனத்துக்குள் அவரவர் பகையாளியின் முகம் வந்து போகும். தலையாட்டியபடியே அந்த முகத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

ஆனால் அந்த வசனத்தை நிறுத்தி வாசித்தால் ஒன்று தெரியும். "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று இயேசு அங்கே சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. கட்டிலோடு கூரை வழியாக இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம், உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று நேராகவே சொன்னவர்தான். கையில் ஆணி இறங்கிய நேரத்திலோ, மன்னிக்கும் வேலையைத் தகப்பனிடம் ஒப்படைக்கிறார். இதற்கு வேத பண்டிதர்கள் என்னென்ன விளக்கம் சொல்வார்களோ, எனக்கு இதைக் காட்டித் தந்தவர் பண்டிதர் இல்லை. ரப்பர் பால்வெட்டு செய்து பிழைத்த என் பெரியப்பா.

தாத்தாவின் நிலம் இரண்டாகப் பிரிந்தபோது ரோட்டை ஒட்டிய முன்பாதி சித்தப்பாவுக்கும் பின்பாதி பெரியப்பாவுக்கும் வந்தது. நடுவே நாலடி நடவழி உண்டு என்று தாத்தா வாயால் சொல்லியிருந்தார். பத்திரத்தில் ஏறவில்லை. குமரி மாவட்டத்தில் வழித் தகராறு இல்லாத குடும்பத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்டுக் கணக்கில் நிலம், அதற்குள் வீடு, கிணறு, நாலு தென்னை. இடுக்கில் ஒரு நடவழி இருந்தால் அதன்மேல்தான் எல்லாருடைய கண்ணும். தாத்தா போனபிறகு சித்தப்பா மதில் கட்டினார். கோர்ட்டில் வழக்கு. அதுவரைக்கும் இது ஊரில் நடக்கிற கதைதான்.

அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பெரியம்மா இறந்துபோனார். ஆனி மாத மழை. பெட்டியைக் கொண்டுபோக வழியில்லை. நாலு பேர் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டார்கள். மதிலில் கேட் வைக்கவில்லை, இப்போது இடிக்க முடியாது என்றார். பின்னால் இருந்த விளைக்காரர் ஒரு இந்துக் குடும்பத்துப் பெரியவர். அவர் யாரும் கேட்காமலே மண்வெட்டியோடு இறங்கி, விளைந்து நின்ற மரச்சீனியில், அதாவது மரவள்ளியில், ஒரு வரிசையைப் பிடுங்கிப் போட்டு, "இதில கூடி கொண்டு போங்க" என்றார். அந்தச் சேற்றில் கால் புதையப் புதைய நாங்கள் பெட்டியைச் சுமந்து ரோட்டுக்கு வந்தோம். சித்தப்பா குடும்பம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது.

அதற்குப்பிறகு பெரியப்பா திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆராதனைக்கு வருவார், காணிக்கை போடுவார், பாடுவார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் நேரம் வந்ததும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். காணிக்கையைப் பலிபீடத்தில் வைக்கப்போகும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. இதைச் சின்ன வயதிலிருந்து கேட்ட தலைமுறை அது. மனதில் பகையை வைத்துக்கொண்டு கையை நீட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர்கள். இன்றைக்கு அந்தப் பயம் குறைந்துபோயிற்று என்பது என் கவலைகளில் ஒன்று. சபைப் போதகரான ஐயர் பலமுறை வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்பார். பெரியப்பா, "அது கள்ளமாட்டு இருக்கும் ஐயரே" என்று முடித்துவிடுவார்.

வருஷங்கள் கழித்து ஒரு ஈஸ்டர் ஞாயிறு அவர் எழுந்துபோய்ப் பீடத்துக்கு முன் முழங்கால் போட்டதைச் சபையே பார்த்தது. சித்தப்பா ஏற்கெனவே அந்த வரிசையில்தான் இருந்தார். சமாதானமாகிவிட்டார்களா என்று ஊர் கேட்டது. யாரும் யாருடைய வீட்டுக்கும் போயிருக்கவில்லை.

பின்னொரு நாள் நானே கேட்டேன். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "மக்கா, அவன மன்னிக்க எனக்க கையில ஒண்ணும் இல்ல கேட்டியா. அவளுக்க பெட்டி சேத்துல போனது கண்ணுல நிக்கிது. அப்பதான் யோசிச்சேன், ஆண்டவரே சிலுவையில கெடந்து நான் மன்னிக்கேன்னு சொல்லல்லியே, பிதாவே நீரு மன்னியும்னுதானே சொன்னாரு. அது எனக்கும் சொல்லலாம். அதுல கள்ளம் இல்ல."

விடியுமுன் மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறவர். ஒட்டுப்பாலை இழுத்து எடுத்துவிட்டு, பட்டையில் கத்தியை ஓட்டி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். முதல் வரிசை முடிகிற வரைக்கும் அந்த ஒரே ஜெபம்தான்: பிதாவே, அவனுக்கு நீர் மன்னியும். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாராம். பெயரைச் சொல்லவும் வாய் வராமல் 'அவன்' என்றே சொன்னாராம். எப்போது தம்பியின் பெயர் அந்த ஜெபத்துக்குள் வந்தது என்று அவருக்கே நினைவில்லை.

வழக்கை அவர் வாபஸ் வாங்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபையில் பலபேர் இதைக் குறையாகப் பேசினார்கள். மன்னித்த பிறகு கேஸ் என்னத்துக்கு? அந்த வழி அவருக்கு மட்டும் வேண்டியதில்லை. மகன் குடும்பத்துக்கு வேண்டும், நாளைக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும். மன்னிப்பு மதிலை நியாயமாக்கிவிடாது. சித்தப்பாவின் மகள் கல்யாணத்துக்குப் பெரியப்பா முதல் ஆளாகப் போனார், பந்தியில் இலை போட்டார். அடுத்த வாரம் வாய்தாவுக்கும் போனார். இரண்டையும் ஒரே மனதோடு செய்ய அவரால் முடிந்தது. அடிபட்டு வருகிற பெண்ணிடம், ஏமாற்றப்பட்டு நிற்கிறவரிடம், முதல் பேச்சாக மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிற நம் பழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நீதி கேட்பதை விட்டுவிட்டு வந்தால்தான் மன்னிப்பு என்று சுவிசேஷத்தில் எங்கும் இல்லை.

மரச்சீனியைப் பிடுங்கி வழிவிட்ட அந்தப் பெரியவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1982 மார்ச் மாதம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தை எங்கள் மாவட்டத்தில் ஐம்பது தாண்டிய யாரும் மறந்திருக்க முடியாது. துப்பாக்கிச் சூடு, எரிந்த வீடுகள், பிரிந்த ஊர்கள். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரு தரப்பையும் சந்தித்து அமைதிக்காக உழைத்தார். ஒரு சைவ மடாதிபதி மீனவர்களின் கண்ணீரைக் கேட்க வந்தார் என்று கடற்கரைப் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அந்த நாட்களில் பெரியப்பாவும் அந்தப் பெரியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள். அவர்களுக்குள் யாரும் சமாதானக் கூட்டம் போடவில்லை. கிணற்று வெள்ளம் (தண்ணீர்), கல்யாண வீடு, சாவு வீடு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனார்கள். மன்னிப்பு பல நேரம் இப்படித்தான் நடக்கிறது, பெயர்கூட இல்லாமல்.

தியாகம் என்று வரும்போது எனக்கு அம்மாவின் கைதான் முன்னால் வரும்.

அம்மாவுக்கு அண்டியாபீஸில் வேலை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படித்தது இந்தப் பணத்தில்தான். வறுத்த அண்டியைத் தல்லி உடைக்கும்போது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு எண்ணெய் கசியும். தோலைச் சுட்டுவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்வார்கள். அப்படியும் விரல் இடுக்கெல்லாம் தோல் உரியும், உள்ளங்கை கறுத்து இறுகிவிடும். சனிக்கிழமை ராத்திரி அம்மா எலுமிச்சம் தோடும் புளியும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். மறுநாள் திருவிருந்து. பீடத்துக்கு முன் முழங்கால் போட்டு, இடக்கையின்மேல் வலக்கையை வைத்து ஏந்தும்போது, விரல்களைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொள்வார், கறை தெரியாதிருக்க. வெள்ளை அப்பத் துண்டு அந்தக் கையில் விழும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் எங்கள் சபைத் தாய்மாரின் கைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அவை தியாகத்தின் கைகள், அவையே பலிபீடம் என்றார். பாதிப்பேர் அழுதார்கள். வீட்டுக்கு வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "நல்ல பிரசங்கம். ஆனா கையில போட நல்ல உறை தந்திருந்தா, இந்தக் கை இப்படி ஆவாண்டாம்."

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கோ அது பல வருஷப் பிரசங்கங்களைவிட ஆழமாக இறங்கியது. முதலாளி கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால், அது வேலை வாங்கினவனைக் காப்பாற்றுகிற பேச்சு. என் ஜீவனை ஒருவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானே அதைக் கொடுக்கிறேன் என்றுதான் யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்கிறார். அம்மாவின் கைத்தோல் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் கொடுத்தது வேறொன்று.

அடுப்பங்கரையில் ஒரு பழைய டின் இருக்கும். உலையில் போட அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டின்னில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்துக்குக் கொண்டுபோவார்கள்; விற்றுக் கிடைக்கிற காசு முடியாதவர் வீட்டுக்கோ ஊழியத்துக்கோ போகும். ரேஷன் தீர்ந்து நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி மட்டும் இருந்த நாளிலும் அந்தப் பிடியை அவர் விட்டதில்லை. கஞ்சியில் வெள்ளம் கூடும், அவ்வளவுதான். அந்த ஒரு பிடியை எடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிமிர்வு இருக்கும். கேட்பாரில்லை, தடுப்பாருமில்லை. அதே கறுத்த கை. தியாகம் எது என்று எனக்குக் கற்றுத் தந்தது அந்த டின்தான்.

எங்கள் மாவட்டச் சரித்திரத்தில் பெரிய தியாகங்களாகச் சொல்லப்படுகிறவையும் இப்படி மனதார எடுத்த முடிவுகள்தாம். நட்டாலத்து நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் பிடித்துக் கட்டி, எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். திரும்பி வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது, சபை வேறுபாடு பார்க்காமல் எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாருமே மகிழ்ந்தோம்.

நெய்யூர் ஆஸ்பத்திரியின் சாமர்வெல் டாக்டர் கதை அவ்வளவாக வெளியே தெரியாதது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்தவர். பனிச்சரிவில் சுமை தூக்கி வந்த ஏழு ஷெர்பாக்கள் செத்துப்போனார்கள், இவர் பிழைத்தார். அந்தச் சாவுகள் அவரை விடாமல் துரத்தின. பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பித் தெற்கே நெய்யூருக்கு வந்தவர், 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் முன்னால் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அதற்குப் போதாத டாக்டர்களையும் கண்டார். லண்டனில் பெரிய சர்ஜனாக ஆகியிருக்க வேண்டியவர், இங்கேயே தங்கிப் பல்லாண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர்தான்; ஆனாலும் நெய்யூருக்கே திரும்பி வந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. தோளை மறைக்கக் கூடாது என்று திருவிதாங்கூரில் எங்கள் முன்னோர்ப் பெண்களை அடித்தபோது, இதுவும் சிலுவை என்று பொறுத்துப் போகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் பொறுக்கவில்லை. குப்பாயம் என்கிற மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், கிழிக்கப்பட்டார்கள், மறுபடியும் போட்டுக்கொண்டு போனார்கள். 1859 ஜூலை 26-ல் அரசாணை வந்தது, அதுவும் முழு உரிமையைத் தராமல். விசுவாசத்தினால்தான் அவர்கள் நிமிர்ந்தார்கள். அந்த விசுவாசத்தை இன்று பெண்களைக் குனிய வைக்கப் பயன்படுத்துவது அவர்களுக்குச் செய்கிற துரோகம்.

நம்பிக்கையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு. எங்கள் கடற்கரைக்காரர்களுக்குத்தான் அது தெரியும். 2017 நவம்பர் 29 இரவிலிருந்து 30 வரை ஒக்கி புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். சுறாவும் சூரையும் தேடி நாட்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த ஞாயிறு, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மற்ற வருஷம் என்றால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டத் தொடங்குகிற நேரம். 2004 டிசம்பர் 26-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், குளச்சலையும் மணக்குடியையும் சுனாமி தின்றதைப் பார்த்த கரை அது. மறுபடியும் டிசம்பர்.

அந்த மக்கள் ஜெபமாலையோடு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். பங்குத்தந்தைகளும் கூட இருந்தார்கள். கேட்டது இதுதான்: ஆழ்கடல் வரைக்கும் போய்த் தேடுங்கள். நம்புகிறவன்தான் தேடச் சொல்லுவான்.

பலர் வரவில்லை. கேரளக் கரைகளில் ஒதுங்கிய உடல்களை டி.என்.ஏ. பார்த்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் உண்டு. எங்கள் சபையிலிருந்து உதவிக்குப் போனபோது பழக்கமான ஒரு சகோதரியின் கணவர் அப்படி ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் உடல் இல்லாமலே அவருக்கு ஒரு கல் வைத்தார்கள். கல் செதுக்குகிறவர் இறந்த தேதி கேட்டார். இருபத்தொன்பதா, முப்பதா, அதற்கும் பிறகு இரண்டு நாள் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தாரா? சொந்தக்காரர்கள் முப்பது என்று போடலாம் என்றார்கள். சகோதரி ஒப்புக்கொள்ளவில்லை. "தெரியாத நாள எழுதாண்டாம். அது தெரிஞ்ச ஆளு மேல உண்டு." கல்லில் பெயரும், பிறந்த நாளும், பக்கத்தில் 2017 என்ற வருஷமும் மட்டும் இருக்கின்றன. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மற்ற எல்லாரையும் போல அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார், பூப் போடுகிறார், பிள்ளைகளை நிறுத்தி ஜெபம் சொல்ல வைக்கிறார்.

அவர் திரும்பி வந்துவிடுவார் என்று இன்னும் நினைக்கிறீர்களா என்று யாரோ கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். கேட்டவருக்குப் பரிவுதான், ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு உறுத்தியது. சகோதரி அசரவில்லை. "கரைக்கு வரமாட்டாருண்ணு எனக்குத் தெரியும். உயிர்த்தெழும்போ வருவாரு, அதுல எனக்கு விசுவாசம் உண்டு. அதுவரைக்கும் எனக்க தம்பியும் மச்சானும் கடலுக்குப் போறாங்கல்லியா, அவங்க போட்டுல சேட்டிலைட் போன் வேணும். காத்து வரும்ணா முன்னமே சொல்ல ஆளு வேணும். அது நான் கேப்பேன்."

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு அவர் விடாமல் போகிறார். மனுவைக் கையாலேயே எழுதுவார். போன முறை, படகு இருக்கும் இடத்தைக் காட்டுகிற டிரான்ஸ்பாண்டர் கருவி வேலை செய்யாத படகுகளின் பட்டியலைக் கொண்டுபோனார். அடுத்த கூட்டத்துக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. வள்ளவிளையில் இன்னும் சில வீடுகளில் விசாரிக்க வேண்டும் என்றார்.